ஏழாம் கொய்யாவில் வெள்ளைப் பூச்சி

பம்பரில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரகடத்தில் காருக்கு பம்பர் செய்து, பெயிண்ட் பூசி அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினாலு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெயிண்ட் காய்ந்து வெளியே வரும் பம்பரை வெள்ளை விளக்குக்குக் கீழே நிறுத்தி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி ஒட்டியிருக்கிறதா, ஊசிமுனை அளவுக்குக் குழி விழுந்திருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா என்று. ஒரு பம்பருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அதற்குள் பார்த்துவிடுவேன். பெருமையாகத்தான் சொல்கிறேன், என் கையைத் தாண்டிப் போனது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்தக் கண் வேலை முடிந்ததும் கழன்று விழுந்தால் பரவாயில்லை. கூடவே சுங்குவார்சத்திரத்துக்கு வந்துவிடும். கல்யாண வீட்டில் எல்லாரும் பெண்ணைப் பார்த்தால் நான் மேடைக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நான் உன்ன பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எத்தன டிபெக்ட் எழுதிக்கினே?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் இதுவரை எண்ணிக்கையைச் சொன்னதில்லை. சொன்னால் மனுஷன் தாங்கமாட்டார்.

பதிமூன்று வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள், போன வருஷம் ஒரு வெள்ளை ஸ்கூட்டர் வாங்கினேன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பங்குனி வெயிலில் ஷிப்ட் முடிந்து வந்து சீட்டில் உட்கார்ந்தால், சுடிதார் ஒட்டிக்கொண்டு எழ மாட்டேன் என்றது. சீட்டு, கண்ணாடி, ஹாண்டில் எல்லாம் பிசுபிசு. அதன்மேல் கரி பூசிய மாதிரி ஒரு படலம். யாரோ ஜூஸைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து வண்டிக்காரனைப் பிடித்து நன்றாகத் திட்டிவிட்டேன். அவன் வண்டியும் அப்படித்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். மேலே கொய்யா மரம். இலையெல்லாம் அடுப்புக்கரி நிறம்.

உடனே போய் மனிதவள அலுவலகத்தில் புகார்ச் சீட்டு எழுதிப் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. குறை என்று முதலில் யார் வாயைத் திறக்கிறாரோ, அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அவர் தலையில்தான். அவர் பெயரைப் போட்டு, தேதி போட்டு, போர்டில் ஒட்டிவிடுவார்கள். அதனால்தான் பழைய ஆட்கள் கேன்டீன் சாம்பாரில் என்ன மிதந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மௌனமாகச் சாப்பிடுவார்கள். பதினாலு வருஷம் இருந்தும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

மறுநாள் ஹெச்.ஆர். சார் கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் அவர் சிரித்தால் வேலை வருகிறது என்று அர்த்தம்.

"மேடம், ரெண்டு மாசத்துல ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. டூ வீலர் ஸ்டாண்ட் வழியாத்தான் நடந்து வருவாங்க. அந்தப் பன்னெண்டு மரமும் அதுக்குள்ள க்ளீனா இருக்கணும். இல்லேன்னா எடுத்துட்டு அலங்காரப் பனை வெச்சுடலாம்னு இருக்கோம். பனை குடுக்கிற நர்சரியே ஆள் வெச்சுப் பராமரிச்சுக் குடுத்துடுவாங்க. நீங்கதான் இதுக்கு ஓனர்."

எனக்கு மரம் இருந்தால் என்ன, பனை வந்தால் என்ன. வண்டி ஒட்டாமல் இருந்தால் சரி என்றுதான் தோட்டத்து ஆளைத் தேடிப் போனேன்.

தோட்டத்து ஆள் என்றால் ஒரே ஒருத்திதான். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி. காண்டிராக்ட்டில் ஒன்பது வருஷமாக எங்கள் கம்பெனிக்கு வருகிறாள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அவள் என்னை 'அக்கா' என்பாள், நான் அவளை 'ம்மா' என்பேன், யார் பெரியவள் என்று இதுவரை கணக்குப் பார்க்கவில்லை. நான் போனபோது செம்பருத்தி வேலியை வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"புல்லு வெட்ற வேலைய ஏற்கெனவே மிஷினு கம்பெனிக்கு குட்த்துட்டாங்க. எனக்குன்னு கீறது இந்த வேலியும் பன்னெண்டு கொய்யாவும்தான். மரம் போச்சின்னா நானும் போயிட்டேன்க்கா."

"வேற கம்பெனி இல்லியா? இந்த ரோட்ல திரும்பின பக்கம்லாம் கம்பெனிதானே?"

"நாப்பது தாண்டிட்டா கேட்லயே அனுப்சிடறான். ஒங்களுக்குத் தெரியாது, நீங்க பர்மனென்ட்டு." அதில் குத்தல் இல்லை, சும்மா சொன்னாள். "எம் பொண்ணு பன்னெண்டாவது பரீட்ச எழுதிக்கினு கீது. அவங்க அப்பாவுக்கு லோடு ஆட்டோ. சவாரி கெடச்சாதான் உண்டு."

அப்போதுதான் விஷயம் ஸ்கூட்டரோடு நிற்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

முதல் நாள் பம்பர் பார்க்கும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். இலையைத் திருப்பினாள். நடு நரம்பின் இரண்டு பக்கமும் வெளிறிய பச்சையில், தட்டையாக, எள்ளைக் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி வரிசை வரிசையாக ஒட்டியிருந்தது. அசைவே இல்லை.

"இது இலையோட சொறிதானே?" என்றேன். குறை பார்ப்பதில் பதினாலு வருஷம் அனுபவம்!

"அய்ய! சொறியாம். பூச்சிக்கா இது." நகத்தால் ஒன்றைப் பெயர்த்தாள். கீழே ஈரமாக இருந்தது. "ஒரு தபா வாய வெச்சு குத்திடுச்சின்னா அப்புறம் எடத்த வுட்டு நவுராது. அங்கியே குந்திக்கினு சாறு உறிஞ்சும், அங்கியே முட்ட போடும், அங்கியே செத்துப் போவும். செதில் பூச்சின்னு பேரு."

கிளைப் பக்கம் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது அதன் முட்டைப் பை. அடிமரத்தில் எறும்புகள் எங்கள் ஷிப்ட் மாறும் நேரத்து கேட்டைப் போலப் போவதும் வருவதுமாக இருந்தன.

எங்கள் தொழிலில் ஒரு குறைக்கு ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும், ஐந்தாவது ஏனில் மூலகாரணம் வந்துவிடும் என்பார்கள். நோட்டைத் திறந்து முறைப்படி ஆரம்பித்தேன்.

"வண்டி ஏன் ஒட்டுது?"

"பூச்சி சாற குட்ச்சிட்டு மீதிய பின்னால வுடுது. அதான் ஒழுவுது."

"கறுப்பு ஏன்?"

"அந்த தித்திப்பு மேல பூசணம் புடிக்கும். கரும்பூசணம்."

"எறும்பு ஏன்?"

"தித்திப்புக்குத்தான். வேற பூச்சி வந்து இந்த செதில் பூச்சிய தின்னாம இதுங்கதான் காவல் காக்கறது. செக்யூரிட்டி."

"பூச்சிக்கு அவ்ளோ சாறு ஏன்?"

"அது வவுறு அப்டி."

"மரம் ஏன் சும்மா வுடுது?"

"அதுக்கு இன்னா கையா கீது, தட்டி வுட?" என்று கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாவது ஏனுக்கு எதிரே 'மரத்துக்குக் கை இல்லை' என்று எழுதினேன். ஹெச்.ஆர். சார் அதைக் கையெழுத்துப் போட்டு பைலில் வைத்துவிட்டார், படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் வேலை நடந்தது. மரத்துக்கு ஒரு சீட்டு வைத்தேன். கொய்யா ஒவ்வொன்றின் கழுத்திலும் ஏற்கெனவே நம்பர்த் தகடு உண்டு, அதனால் வசதி. அவள் காலையில் வெயில் ஏறுவதற்குள் வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து இலைக்கு அடியில் படும்படி அடிப்பாள். மெயின்டெனன்ஸில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக் கொடுத்தேன். மரத்தில் நேராகப் பூசினால் பட்டை வெந்துவிடும் என்று அடிமரத்தைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் தடவினாள். எறும்புகள் கிரீஸ் வரைக்கும் வந்து, நின்று, மீட்டிங் போட்டு, திரும்பிப் போயின. மூன்று பேர் சாப்பாட்டு நேரத்தில் அதை வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

மூன்றாவது வாரம் அவள் ஏழாம் மரத்துக்கு மட்டும் மருந்து அடிக்கவில்லை. கேட்டேன்.

"அதுல என்னவோ புச்சா வந்துகீதுக்கா. வெள்ளையா, முடி முடியா. ஓடிக்கினு கீது. இன்னான்னு பாக்கறேன். அது வரைக்கும் ஏழுல யாரும் கைய வெக்க வேணாம்."

அந்த வெள்ளி சாயங்காலம், ஷிப்ட் விட்டு எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும் கூட்டத்தில் அவள் மறுபடியும் கத்திச் சொன்னாள். "தம்பி வூட்ல காது குத்து. செவ்வாக்கெழமதான் வருவேன். ஏழுல கைய வெக்காதீங்கக்கா!" நானும் "சரி சரி, போய்ட்டு வா" என்றேன். காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. நன்றாக விழுந்தது.

சனிக்கிழமை காலை ஹெச்.ஆர். சார் வந்து, மதியம் பிளான்ட் ஹெட் ஸ்டாண்ட் பக்கம் வருகிறார் என்றார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். மற்ற மரங்கள் சுமாராகத் தேறியிருந்தன. ஏழாம் மரம்தான் அவலட்சணம். பச்சரிசி நீளத்துக்கு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு முடியோடு, கொழுகொழுவென்று புழுக்கள் கிளை கிளையாகத் திரிந்தன. எனக்கு உடம்பு கூசியது. எள்ளு அளவுப் பூச்சியே இந்தப் பாடு படுத்தினால் இது என்ன பாடு படுத்தும்!

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. குறைகளை வரிசைப்படுத்து, எது பெரியதோ அதை முதலில் ஒழி. சின்னதெல்லாம் அப்புறம். பெரியதை ஒழித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பதினாலு வருஷத்தில் இந்தப் பாடம் என்னைக் கைவிட்டதே இல்லை.

லைனில் இருபது நிமிஷம் கன்வேயர் நின்றிருந்த நேரம். பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு பிரஷ், நாலு பக்கெட் சோப்புத் தண்ணீர். "பெருசு பெருசா பாத்து தட்டு! சின்னத வுடு!" என்று நான் கீழே நின்று கத்த, பையன்கள் ஏணியில் ஏறித் தட்டினார்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு மரத்திலும் ஒரு வெள்ளைப் புழு இல்லை. நான் டார்ச் போட்டுச் சரிபார்த்தேன். நான் பார்த்தால் தப்புமா?

தட்டுவதற்கு முன், தட்டினதற்குப் பின் என்று இரண்டு போட்டோ நோட்டீஸ் போர்டில் ஏறியது. பிளான்ட் ஹெட் கைகுலுக்கினார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு. கை தட்டினார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். நேராக ஏழாம் மரத்துக்குப் போய் இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹாட்பாக்ஸ் கதையைச் சொல்லலாம் என்று போனேன்.

"எங்கக்கா அதுங்க?"

"சுத்தமா எடுத்தாச்சு! நாலு பக்கெட்டு!"

அவள் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே காய்ந்த கொய்யா இலை, அதில் செதில் பூச்சி ஒன்றுகூட இல்லை, வெறும் ஓடுகள். இலை ஓரமாக மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வண்டு, தலை மட்டும் ஆரஞ்சு.

"போன வாரம் அந்த வெள்ளப் புழு ஒண்ண புட்ச்சி இதுல போட்டு வெச்சேன். இலை முழுக்க பூச்சி இருந்திச்சி. எல்லாத்தியும் தின்னுட்டு கூடு கட்டிக்கினு இப்டி வண்டாயிடுச்சி. நேத்து விவசாய ஆபீசுல காட்டினேன். ஆபீசர் கையெடுத்துக் கும்புடாத குறை. பொறிவண்டு சாதியாம் இது. செதில் பூச்சிய தின்றதுக்குன்னே வளர்த்து விக்கறாங்களாம். ஒங்க மரத்துக்கு அதுவா வந்துகீது, அதிர்ஷ்டம்மா, கெடுத்துக்காதீங்கன்னாரு."

நாலு பக்கெட். போலீஸ்காரர்களைக் கொன்றுவிட்டுத் திருடர்களைப் பத்திரமாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "சின்னத வுடு" என்று என் வாயாலேயே கத்தியிருக்கிறேன். அதற்குப் பரிசு வேறு.

"அந்தாளு சொன்னா போதுமா? அவருக்கு கம்பெனி மரத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்றேன். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவள் டப்பாவை மூடிக் கூடைக்குள் வைத்தாள்.

அந்த வாரக் கடைசிக்குள் ஏழாம் மரம் பஞ்சுக்கடை ஆனது. பக்கத்து மரங்களுக்கும் பரவியது. முட்டைப் பைகள் பொரிந்து, கண்ணுக்கே தெரியாத குஞ்சுகள் தளிரெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர். சார் வந்து பார்த்தார். காண்டிராக்டரும் கூட வந்திருந்தார். நான் அங்கேதான் நின்றேன். அவளும் நின்றாள்.

"மேடம் அவ்வளவு கஷ்டப்பட்டு சுத்தம் பண்ணிக் குடுத்தாங்க. ஒரு வாரம் உன்னால காப்பாத்த முடியலையாம்மா?" என்றார் சார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன்.

காண்டிராக்டர் அங்கேயே சொல்லிவிட்டார், மாசம் முடிந்ததும் வரவேண்டாம் என்று. அவள் "சரிங்க சார்" என்றாள். எனக்கு வாய் இருந்தது. பக்கத்து வண்டிக்காரனைத் திட்ட இருந்தது, இலைக்குச் சொறி என்று சொல்ல இருந்தது, பன்னிரண்டு பேரை அதட்ட இருந்தது. அப்போது மட்டும் இல்லை. ஆபீசர் சொன்னது தப்பாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு லீவு எடுக்க வேறு நாளே கிடைக்கவில்லையா என்றுகூட நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

அதற்கப்புறம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தினமும் வந்தாள், கிளை கவாத்து செய்தாள், வெட்டினதை மூட்டை கட்டி அப்புறப்படுத்தினாள், என்னைப் பார்த்தால் "வாங்கக்கா" என்றாள். நான் வண்டியை வேறு பக்கம் நிறுத்த ஆரம்பித்தேன். வீட்டில் சும்மா சும்மா எரிந்து விழுந்தேன். "இன்னாச்சி உனக்கு, பம்பர் எதாவது திரும்பி வந்துடுச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் தட்டில் சோற்றைக் கொட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மரங்களை என்ன செய்வது என்று முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரம். அவள் அன்று சீக்கிரம் போய்விட்டிருந்தாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏழாம் மரத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், அவள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் விட்டுவைத்திருந்த தாழ்ந்த கிளையில் ஒரு வெள்ளைப் புழு இருந்தது. டப்பாவிலிருந்த வண்டை அவள் திறந்துவிட்டு, அது முட்டை போட்டு வந்ததாக இருக்கும், இல்லை எங்கள் பிரஷ்ஷுக்குத் தப்பினதாக இருக்கும். டார்ச்சை அதன்மேல் பிடித்தபடி நின்றேன். அது ஒரு பஞ்சுப் பைக்குள் தலையை விட்டது. உடம்பு மட்டும் வெளியே ஆடியது. மணி அடிக்கும் வரை நின்றேன். அது தலையை வெளியே எடுத்தபோது பைக்குள் ஒன்றும் இல்லை. அடுத்ததற்குப் போனது.

ஒன்றைப் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல நான் பழகவில்லை. அந்தப் பழக்கம் இருந்திருந்தால் என் கையைத் தாண்டி ஆயிரம் பம்பர் போயிருக்கும்.

மறுநாள் கூட்டம். ஏசி அறை, பிஸ்கட், சுவரில் ப்ரொஜெக்டர். நான் ஓனர் என்பதால் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து வேண்டும். மூலகாரணம் என்ற கட்டத்தில் 'தோட்டப் பணியாளரின் கவனக்குறைவு' என்று அடித்திருந்தார்கள். தீர்வு என்ற கட்டத்தில் 'மரங்களை அகற்றுதல்'. சார் பேனாவை நீட்டினார்.

"காரணம் தப்பு சார்."

"என்ன தப்பு மேடம்?"

"ஆளு தப்பு. அந்த எடத்துல எம் பேரப் போடுங்க."

அறையில் இருந்த ஆறு பேரும் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். சொன்னேன். அவள் கைவைக்காதே என்று இரண்டு தடவை சொன்னதை, நான் சரி என்றதை, நாலு பக்கெட்டை, டப்பாவை, நேற்று மத்தியானம் நான் கண்ணால் பார்த்ததை. கடைசியில், "போன தபா நீங்க அந்தம்மாவ கேட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன் சார். கம்முனு இருந்துட்டேன்" என்றதும் குரல் உடைந்துவிட்டது. நான் அழுகிற ரகம் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

பிறகு சார், "அப்போ அந்த ஹாட்பாக்ஸ்?" என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

"நாளைக்கு கொணாந்து குட்த்துடறேன் சார். ஒரு தபாதான் இட்லி வெச்சேன்."

பிளான்ட் ஹெட் சிரித்துவிட்டார். அதில்தான் பிழைத்தேன். ஹெட் ஆபீஸ்காரர்களை வேறு வழியாகக் கூட்டிப் போகலாம், மரங்கள் மழை முடியும் வரைக்கும் இருக்கட்டும், அந்தம்மாவும் இருக்கட்டும், அந்தம்மா சொல்லாமல் யாரும் மரத்தில் கைவைக்கக் கூடாது என்று முடிவானது. காண்டிராக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். அந்தப் பொறிவண்டை விலைக்கு வாங்கவும் அனுமதி கிடைத்தது. பர்ச்சேஸ் ஆள் மட்டும், வண்டுக்கு வாரண்டி எத்தனை மாசம், பழுதானால் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் கூட்டம் முடிவதற்குள் எழுந்து ஓடினேன். அவள் ஏழாம் மரத்தடியில் வெட்டின கிளைகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் சிரிப்பாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நின்றேன்.

அவள் சாக்கின் வாயைக் கட்டி முடித்தாள்.

"பதினெட்டு நாளுக்கா" என்றாள்.

காண்டிராக்டர் வந்த வெள்ளிக்கிழமையிலிருந்து விரல்விட்டு எண்ணினேன்.

"ரெண்டு வார்த்த. அத சொல்ல ஒங்களுக்குப் பதினெட்டு நாளு. எம் பொண்ணுக்கு போன வாரம் ரிசல்ட் வந்துச்சி. நல்ல மார்க்கு. காலேஜ் பாரம் வாங்கிக்கினு வந்து ஆசையா கைல குட்த்துச்சி. அம்மாவுக்கு வேல போவப்போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு மடிச்சி வெச்சிட்டேன். அது ஒண்ணுமே சொல்லல. போய் பாத்திரம் கழுவ குந்திடுச்சி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சண்ட போட்டிருந்தாகூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காதுக்கா."

"கடைசித் தேதி என்னிக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளன்னிக்கு."

"அப்போ இன்னிக்கே போடு. கெளம்பு. நான் சார்கிட்ட சொல்லிக்கிறேன்."

"போடத்தான் போறேன். அத நீங்க சொல்ல வேணாம்." சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு அடி போனவள் திரும்பினாள். "ஒங்க மேல எனக்கு இன்னும் ஆத்தரம் தீரல. ஒரு மாசத்துக்காவது ஒங்கள திட்டுவேன். எதிர்த்துப் பேசாம கேட்டுக்கணும்."

"சரி" என்றேன்.

"மொதல்ல அந்த கிளையெல்லாம் அள்ளுங்க. பர்மனென்ட்டுன்னா குனிய மாட்டீங்களா?"

குனிந்து அள்ளினேன்.